ஸ்பாசம் என்பது வலிப்பா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு வயது 44. இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். சென்ற மாதம் வடக்கே லோடு இறக்கிவிட்டுத் திரும்பியவர், கேபினிலிருந்து இறங்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் கோணலாகவே வீட்டுக்கு வந்தார். எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘மசில் ஸ்பாசம்’ என்று எழுதியிருந்தது. உறவுக்காரப் பையன் அதைக் கைபேசியில் போட்டுப் பார்த்து, ‘தசை வலிப்பு’ என்று சொல்லிவிட்டான். பேச்சு எப்படியோ வண்டி முதலாளி வரைக்கும் போய், வலிப்பு உள்ளவரிடம் வண்டியைத் தர முடியாது என்கிறார். வேறொரு மருத்துவரிடம் போனபோது, இவருக்கு வலிப்பு இருப்பதாக நானே சொல்லிவிட்டேன். அவர் மூளை ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ராத்திரியில் இவருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதுவும் வலிப்புதானா? முதலில் தந்த மாத்திரையைச் சாப்பிட்டால் நாளெல்லாம் தூக்கமாகவே இருக்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் கணவருக்கு இருப்பது இடுப்புத் தசைப்பிடிப்புதான். வலிப்பு நோய் என்று எண்ணுவதற்கு அதில் ஒரு அடையாளமும் இல்லை. அவர் மயங்கி விழவில்லை, நினைவு தப்பவில்லை, கைகால் வெட்டி இழுக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை. வலியோடு, முழு நினைவோடு, தானே நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த ரிப்போர்ட்டை எழுதியவரும் வலிப்பு என்று எழுதவில்லை. தவறு மொழிபெயர்ப்பில் நேர்ந்தது. ஆனால் அந்தப் பையனை நான் அதிகம் குறை சொல்லமாட்டேன். அவன் தவறியதற்குச் சொல்லுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது.

ஸ்பாசம் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. இழுத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். தமிழில் ‘வலி’ என்ற வினைக்கும் அதே பொருள்தான். துடுப்பு வலித்தல், வலை வலித்தல் என்று கடற்கரையில் சொல்வதெல்லாம் இழுப்பதைத்தான். வலிப்பு, இழுப்பு, இசிவு என்று நம் பழைய வைத்தியத்தில் வழங்கிய சொற்கள் எல்லாமே உடலில் ஏதோ ஒன்று தன் போக்கில் இழுத்துக்கொள்வதைக் குறித்தவை. ஆகவே அகராதியைத் திறந்து ஸ்பாசத்துக்கு நேரே வலிப்பு என்றோ இசிவு என்றோ கண்டால் அது பழைய கணக்கில் பிழையாகாது. ஆனால் இன்றைய தமிழ்ப் பேச்சில் வலிப்பு என்ற சொல் ஒரே ஒரு நோய்க்கு, அதாவது மூளை நரம்பு அணுக்களில் திடீரென எழும் மின்கொந்தளிப்பால் வரும் நோய்க்கு, உரிமையாகிவிட்டது. ஒருவருக்கு வலிப்பு என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் எழுவது தரையில் விழுந்து நுரை தள்ளும் காட்சிதான். அந்தக் காட்சியைப் போய் இடுப்புப் பிடிப்பின் தலையில் கட்டியதால் உங்கள் வீட்டு வருமானம் நின்றிருக்கிறது.

மருத்துவத்தில் ஸ்பாசம் என்பது, நம் விருப்பமில்லாமலே ஒரு தசை சுருங்கி, உடனே தளராமல் அப்படியே நிற்பது. அவ்வளவுதான் அந்தச் சொல் சொல்கிறது. ஏன் சுருங்கியது, எதனால் தளரவில்லை என்பதை அது சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பத்தாம் திருத்தத்தில் இந்தச் சொல் ‘ஆர் 25.2’ என்ற எண்ணில், நோய்க்குறிகளைத் தொகுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. வலிப்பு நோயோ ‘ஜி 40’ என்ற எண்ணில், நரம்பு மண்டல நோய்களின் அத்தியாயத்தில் இருக்கிறது. காய்ச்சல் என்பது எப்படி ஒரு நோயின் பெயராகாமல் ஒரு குறியின் பெயராக இருக்கிறதோ, ஸ்பாசமும் அப்படித்தான். எனவே யாராவது உங்களிடம் ஸ்பாசம் என்று சொன்னால், எந்தத் தசையில், எதனால் என்று இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். சிறுநீரகக் கல் இறங்கும்போது வரும் வலியிலும் மாதவிடாய் வலியிலும் கூட இதே சொல்லை எழுதுவோம். அங்கே சுருங்குவது குழாய்களின் சுவரிலும் கருப்பையிலும் இருக்கும் வேறு வகைத் தசை. ஆஸ்துமாவில் சுருங்குவது மூச்சுக்குழாயின் தசை. நம் ஊரில் ஆஸ்துமாவையும் இழுப்பு என்றுதான் சொல்கிறோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்கள் கணவரின் இடுப்புக்கு வருவோம். முதுகெலும்பின் இரு புறமும், தொட்டால் கைக்குத் தெரியும்படி, நீளவாக்கில் இரண்டு தசை வரப்புகள் ஓடுகின்றன. ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து அந்த வரப்பில் விரல்களை அழுத்தினால், ஆரோக்கியமான தசை பிசைந்து வைத்த சப்பாத்தி மாவைப்போல உள்வாங்கும். பிடிப்பு உள்ளவரிடம் ஒரு பக்கம் மாவாகவும் மறுபக்கம் தேர்வடக் கயிறாகவும் இருக்கும். விரல் பட்டதும் அவர் தலையணையைப் பற்றிக்கொள்வார். அவரை எழுந்து நிற்கச்செய்து, இருந்த இடத்திலேயே இடம் வலமாகக் கால் மாற்றி மிதிக்கச் சொல்லி, பின்னாலிருந்து இரண்டு கட்டைவிரல்களையும் அந்த வரப்புகளின்மேல் வைத்துப் பார்ப்பேன். உடல் எடை எந்தக் காலில் இறங்குகிறதோ அந்தப் பக்கத்துத் தசை தளர்ந்துகொடுக்க வேண்டும். பிடிப்பு உண்மையாக இருந்தால் அது தளராமல் கெட்டியாகவே நிற்கும். அரை நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். வேண்டியது, நோயாளியின் சட்டையைத் தூக்கித் தொட்டுப் பார்க்கும் பொறுமைதான். கூட்டம் மிகுந்த நாள்களில் எங்களிடம் குறைந்துபோவதும் அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் அப்படிக் கெட்டிப்படுகிறது? அடியில் இருக்கும் ஒரு தசைநாரோ, முள்ளெலும்பு மூட்டோ, எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் எனும் இடைவட்டோ லேசாக அடிபட்டால், அந்த வலிச்செய்தி தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்தே சுற்றிலும் உள்ள தசைகளை இறுகச் சொல்லிக் கட்டளை திரும்பிவிடுகிறது. அசைந்தால் மேலும் அடிபடும் என்று உடம்பே தனக்குப் பட்டைகட்டிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. இறுகிய தசையில் இரத்த ஓட்டம் குறைவதால் அதுவும் வலிக்கத் தொடங்குகிறது. அந்த வலியால் இன்னும் இறுகுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தசை சுருங்குவதற்குத்தான் சக்தி வேண்டும், தளர்வது தானாக நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தளர்வதற்கும் சக்தி வேண்டும்: சுருக்கத்தைத் தூண்டிய கால்சியத்தைத் தசை அணு மறுபடியும் தன் சேமிப்பறைக்குள் இறைத்துத் தள்ளினால்தான் இழைகள் ஒன்றையொன்று விடும். இறந்தவரின் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதும் அந்தச் சக்தி தீர்ந்துபோவதால்தான். நாள் முழுவதும் அதிரும் இருக்கையில் ஒரே வாகில் உட்கார்ந்து, இறங்கிய கையோடு தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டுகிற ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்வதில் வியப்பே இல்லை.

எக்ஸ்ரேயில் தசை தெரியாது என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இடுப்பு எலும்பு வரிசைக்கு இயல்பாகப் பின்பக்கம் குழிந்த ஒரு வளைவு உண்டு. படத்தில் அந்த வளைவு குறைந்து நேராகத் தெரிந்தால், தசை இறுகிப் பிடித்து நிமிர்த்தியிருக்கக்கூடும் என்று ஊகித்து, படம் பார்க்கும் மருத்துவர் அந்த வரியை எழுதுவார். அது ஊகந்தான். படம் எடுக்கும்போது படுத்த வாகினாலும் அப்படித் தெரியலாம். வலியே இல்லாத பலருக்கும் தெரிகிறது. ஆகவே அந்த வரியை ஒரு தீர்ப்பாகப் படிக்காதீர்கள்.

இனி, இரவில் கெண்டைக்கால் இழுப்பது. இதைக் கெண்டை ஏறுதல், நரம்பு சுருட்டுதல், குரக்களி பிடித்தல் என்று ஊருக்கொரு விதமாகச் சொல்வார்கள். நரம்பு என்ற சொல் வந்தாலும் சுருட்டுவது நரம்பன்று, தசைதான். தூக்கத்தில் திடீரென்று கெண்டைச்சதை கல்லாகி, சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ விட்டுவிடும். மறுநாள் காலை தொட்டால் நோகும். இதுவும் வலிப்பன்று. அந்த நேரத்தில் முழங்காலை நீட்டி, கால்விரல்களைத் தன் முகத்தை நோக்கி மடக்கி இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். சுருங்கிய தசையை நீட்டிவிட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய நின்று, கெண்டையை நீட்டிக்கொள்வதும் சிலருக்கு உதவுகிறது. அடிக்கடி வந்தால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், இரத்த உப்புகள் ஆகியவற்றைப் பார்ப்பது முறை. நீர் பிரியும் மாத்திரையோ கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோ அவர் சாப்பிடுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வெப்பத்தில் வியர்த்து, சிறுநீர் கழிக்க வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும் என்றே தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிற ஓட்டுநர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரிடம் அதையும் விசாரித்துப் பாருங்கள். மற்றபடி, நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிப் போடப்படும் சத்து ஊசிகளுக்குக் குறைபாடு நிரூபணமாகாமல் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. வயதானவர்களின் கால் இழுப்புக்கு மக்னீசிய மாத்திரையும் பெரிதாக உதவுவதில்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள்.

சொல் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தைராய்டு அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போன ஒரு பெண்மணியை, வலிப்பு வலிப்பு என்று சொல்லிக்கொண்டே நள்ளிரவில் தூக்கிவந்தார்கள். உடன் வந்தவர்கள் அவர் கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். அந்த அம்மாவோ எங்களைப் பார்த்துத் தெளிவாகப் பேசினார்: “விரலெல்லாம் தானா மடங்குது டாக்டர், உதட்டைச் சுத்தி மரத்துப்போச்சு.” மணிக்கட்டு வளைந்து, நான்கு விரல்களும் நீண்டு ஒன்றுசேர்ந்து, கட்டைவிரல் உள்ளே மடங்கி, குருவிக்கு நெல் கொத்தித் தருவதுபோல் கை குவிந்திருந்தது. இன்னும் லேசாக இருந்த மறுகையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி, அழுத்தத்தை ஏற்றி மூன்று நிமிடம் வைத்திருந்தபோது அந்தக் கையும் அப்படியே குவிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் த்ரூசோவின் பெயரால் இந்தக் குறியை அழைக்கிறோம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகள் அறுவையில் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கால்சியம் இறங்கி நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டுவிடும். நாளத்தின் வழியே கால்சியம் மெதுவாகச் செலுத்தச் செலுத்தக் கை விரிந்தது. வலிப்பு என்ற சொல்லை நம்பி வலிப்பு மருந்தை மட்டும் ஏற்றியிருந்தால் காரணம் அப்படியே இருந்திருக்கும். கால்சியம் மேலும் இறங்கி உண்மையான வலிப்பே வந்திருக்கவும் கூடும்.

இதே குடும்பத்துச் சொற்களில் மிகவும் அஞ்ச வேண்டியது ரணஜன்னி. காயத்தின் வழியே புகுந்த கிருமியின் நஞ்சால் முதலில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும். பிறகு முதுகுத் தசைகள் இறுகி உடம்பே வில்லாக வளையும். பழையவர்கள் தனுர்வாதம் என்று பெயரிட்டது அந்த வில்லைப் பார்த்துத்தான். அதிலும் நோயாளிக்கு நினைவு தெளிவாகவே இருக்கும் என்பதுதான் கொடுமை. துருப்பிடித்த கொக்கியும் கம்பியும் கையில் படுகிற தொழில் என்பதால், உங்கள் கணவர் தடுப்பூசியைக் கடைசியாக எப்போது போட்டார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நினைவு இருந்தாலே வலிப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் முழு உண்மையன்று. மூளையின் ஒரு சிறு பகுதியில் மட்டும் எழும் வலிப்பில், ஒரு கையோ முகத்தின் ஒரு பக்கமோ தாளம் போட்டதுபோல் விட்டுவிட்டுத் துடிக்கும், நினைவு இருக்கும், பெரும்பாலும் வலி இருக்காது. பிடிப்பிலோ வலிதான் முதலில் நிற்கும், துடிப்பு இருக்காது, தசையை நீட்டினால் விடும். சந்தேகம் இருந்தால் கைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அரை நிமிடப் படம் பத்து நிமிட விவரிப்பைவிட எங்களுக்கு உதவும். உங்கள் கணவருக்கு அப்படி எதுவும் நிகழ்ந்ததே இல்லை என்றால், மூளை ஸ்கேனுக்கும் இ.இ.ஜி.க்கும் அவசியமில்லை. அவற்றை எழுதித் தந்த மருத்துவர் மீது தவறில்லை; வலிப்பு என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவரிடமே திரும்பிப்போய், அன்று நடந்ததை நடந்தபடி, கேபின் படியிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தசையைத் தளர்த்தும் மாத்திரைகளில் பல தூக்கம் தருபவை. டிசானிடின் குறிப்பாக அப்படி. அதைச் சாப்பிடும் நாள்களில் அவர் வண்டியைத் தொடக் கூடாது. இடுப்பு சரியாகிவிட்டது என்று அவர் சொன்னாலும் கூடாது. அந்த மாத்திரையோடு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்துச் சாப்பிடுவதும் ஆபத்து. இரத்த அழுத்தம் கீழே போய்விடும். வயிற்றுப்போக்குக்கோ சிறுநீர்க் கடுப்புக்கோ வழியில் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சீட்டுகளில் வலி மாத்திரையோடு சேர்ந்தே வரும் இன்னொன்று தயோகோல்சிகோசைடு. 2013இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை அதை வாய்வழியாக ஒரு வேளைக்கு 8 மில்லிகிராமுக்கு மேல், தொடர்ந்து 7 நாளுக்கு மேல் தர வேண்டாம் என்று வரையறுத்தது. வேடிக்கை என்னவென்றால், வலிப்பு நோய் உண்மையாகவே உள்ளவருக்கு அந்த மாத்திரை வலிப்பைத் தூண்டிவிடக்கூடியது. ஆக, பிடிப்பை வலிப்பு என்று சொல்வதும் தீங்கு, வலிப்பை வெறும் பிடிப்பு என்று மறைப்பதும் தீங்கு. உங்கள் சீட்டில் இருப்பது எது என்று எனக்குத் தெரியாததால், எழுதியவரிடம் பெயரைக் கேட்டு, எத்தனை நாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகையில் சில, பல வாரம் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தக் கூடாதவை.

படுத்தே கிடக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். முதல் ஓரிரு நாள் வலிக்கு ஏற்ப ஓய்வெடுத்தபின், வீட்டுக்குள்ளாவது நடமாடுவதே நல்லது. வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகில் மிதிக்கச் சொல்ல வேண்டாம். பெரும்பாலான இடுப்புப் பிடிப்புகள் சில வாரங்களில் தாமாகவே விடுகின்றன. ஆனால் சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனாலும், சிறுநீர் இறங்காமல் நின்றாலும், இரு தொடைகளுக்கு இடையே உட்காரும் இடம் மரத்தாலும், காலில் பலம் குறைந்து பாதம் தொங்கினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் இடுப்புவலியும் காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் வலியும் தாமதிக்கத்தக்கவை அல்ல. மேலும் ஒன்று: நெஞ்சில் இறுக்கமாக வலி வந்து வியர்த்தால், அதை மூச்சுப்பிடிப்பு, வாய்வுப் பிடிப்பு என்று வீட்டில் பெயர்சூட்டித் தைலம் தேய்த்துக்கொண்டு இராதீர்கள். பிடிப்பு என்ற எளிய சொல்லுக்குப் பின்னால் மாரடைப்பு ஒளிந்துகொண்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மறுபடி வேலைக்குப் போகும்போது, உயரமான கேபினிலிருந்து குதிக்காமல், வண்டியைப் பார்த்தபடி திரும்பி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் கால்வைத்து இறங்கச் சொல்லுங்கள். இறங்கிய உடனே கயிற்றில் கைவைக்காமல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும்.

வண்டி முதலாளியின் அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1இல் கேட்கப்படும் முதல் கேள்வியே, வலிப்போ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா என்பதுதான். ஆகவே அவரிடம் வாயால் வாதாடிப் பயனில்லை. இடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை தந்த மருத்துவரிடம், இவருக்கு இருந்தது இடுப்புத் தசைப்பிடிப்பு, வலிப்பு நோய்க்கான வரலாறு இல்லை, இந்தத் தேதியிலிருந்து வண்டி ஓட்டலாம் என்று மூன்று விவரமும் அடங்கிய சான்றிதழை வாங்கி அவரிடம் கொடுங்கள். தூக்கம் தரும் மாத்திரை முடிந்த பிறகு வரும் தேதியாக அது இருக்கட்டும்.

இரண்டாவதாகப் போன மருத்துவமனையின் நோட்டில் நீங்கள் சொன்னபடி வலிப்பு என்று எழுதியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது, அந்த மருத்துவரிடமே அந்த வரியை அடித்துத் திருத்திக் கையொப்பம் இடச் சொல்லுங்கள். நோட்டில் ஏறிய சொல் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகலாகிக்கொண்டே போகும். ஐந்தாண்டு கழித்து உரிமத்தைப் புதுப்பிக்கவோ காப்பீட்டுக்கோ அந்த நோட்டை யாராவது புரட்டினால், அன்றைக்கு இதை விளக்கிச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லாமலும் போகலாம்.